சர்க்கரையை விடும்போது எங்கே தடுக்குகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

2021இல் எனக்கு எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை, 6.1 என்று வந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 6.5ஐத் தொட்டால் நீரிழிவு. நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன். அப்பாவுக்கு இருபது வருடமாகச் சுகர். அதனால் அந்த எண்ணைப் பார்த்த அன்றே சீனி டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டேன். ஒன்பதாம் நாள் நானே அதை இறக்கினேன். அதற்குப் பிறகு இரண்டு முறை விட்டுப் பிடித்து, நான்காவது முறைதான் நிலைத்தது.

தவறிய ஒவ்வொரு முறையும் எனக்கு மன உறுதி போதவில்லை என்றே நினைத்து நொந்துகொண்டேன். நான்காவது முறை ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரு முறை தலைவலி தாங்காமல் விழுந்திருக்கிறேன், ஒரு முறை சாயங்காலப் பசியில், ஒரு முறை தீபாவளியில். மிக்சி ஓடவில்லை என்றால் பிளக்கைப் பார்ப்போம், ஜார் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். யாரும் மிக்சியைத் திட்டிக்கொண்டு நிற்பதில்லை. இதையும் அப்படியே பார்க்கலாம்.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எது நடக்கிறதோ அந்த இடத்துக்குப் போங்கள். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் முதல் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். (எங்கள் தூத்துக்குடிப் பக்கம் சீனி என்போம், வடக்கே சர்க்கரை, பழைய மளிகைச் சீட்டில் அஸ்கா. மூன்றும் ஒன்றுதான்.)

கை நடுங்குகிறது, வியர்க்கிறது, படபடப்பாக இருக்கிறது

மாத்திரை எதுவும் எடுக்காதவருக்கு இது பெரும்பாலும் நேரத்துக்குச் சாப்பிடாததன் விளைவாக இருக்கும். சாப்பிட்டுவிட்டுப் பாருங்கள், சாப்பிட்டும் அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் போங்கள்.

இன்சுலின் போடுபவருக்கும், கிளைமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவருக்கும் கதை வேறு. நீங்கள் முன்பு சாப்பிட்ட அளவுக்குப் பொருத்தமாகத்தான் மருந்தின் அளவை வைத்திருப்பார்கள். இனிப்பையும் சோற்றையும் திடீரென்று குறைத்துவிட்டு மருந்தை அதே அளவில் எடுத்தால் ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். 70க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. உடனே 15 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும். சுமார் நான்கு தட்டை டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பரிசோதித்து, இன்னும் ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடிக்க வேண்டும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மாத்திரை அட்டையைத் திருப்பி, வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் என்று இருக்கிறதா பாருங்கள். நம் ஊரில் பல கூட்டு மாத்திரைகளில் வோக்ளிபோஸ் சேர்ந்தே வருகிறது. இவை குடலில் சீனி உடைவதையே தாமதப்படுத்தும் மருந்துகள். அதனால் சீனித் தண்ணீர் நினைத்த வேகத்தில் வேலை செய்யாது. குளுக்கோஸ் பொடிதான் வேண்டும், வீட்டில் ஒரு பாக்கெட் எப்போதும் இருக்கட்டும்.

இப்படிச் சாப்பிட்ட சர்க்கரை சறுக்கல் கணக்கில் வராது. அது மருந்து. “விரதம் கெட்டுவிடுமே” என்று தயங்கிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கம் ஆபத்தானது. சர்க்கரையை விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி, மருந்தைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் நாளே மண்டை பிளக்கிறது

என் முதல் தோல்வி இதுதான். சர்க்கரை இல்லாத காபி பிடிக்காததால் காபியையே நிறுத்தினேன். அடுத்த நாள் மத்தியானம் தலைவலி. மூன்றாம் நாள் அலுவலகத்தில் உட்கார முடியவில்லை. “உடம்பு சர்க்கரை கேட்கிறது” என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

உடம்பு கேட்டது காபியை. தினமும் காபி, டீ குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், கடைசிக் குவளைக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். சிலருக்கு ஒன்பது நாள் வரை இழுக்கும். எரிச்சல், தூக்கக் கலக்கம், கவனம் சிதறுவது எல்லாம் கூடவே வரும்.

ஆகவே முதலில் உங்களையே கேளுங்கள்: சர்க்கரையை மட்டும் விட்டேனா, காபி டீயையும் சேர்த்து விட்டேனா? இரண்டையும் விட்டிருந்தால் காபியைத் திரும்பக் கொண்டுவாருங்கள், சர்க்கரை இல்லாமலோ குறைத்தோ. ஒரே நேரத்தில் இரண்டு போர் வேண்டாம்.

காபி அதே அளவில் போய்க்கொண்டிருந்தும் தலைவலி இருந்தால், சோறு, இட்லி, தோசையையும் கூடவே வெட்டிவிட்டீர்களா என்று பாருங்கள். மாவுச்சத்தைத் திடீரென்று மிகவும் குறைத்தால் முதல் சில நாட்களில் சிறுநீரோடு உப்பும் நீரும் கூடுதலாகப் போகும். எழுந்து நின்றால் கிறுகிறுக்கும். உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர் போதும். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் உப்பைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்கவும்.

வித்தவுட் டீ வாயில் வைக்க முடியவில்லை

வைக்க வேண்டாம். ஒரே நாளில் வித்தவுட்டுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.

கணக்கு இதுதான். ஒரு தட்டை டீஸ்பூன் சீனி சுமார் 4 கிராம். குவித்து எடுத்தால் இன்னும் கூடும். டீக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு நான்கு டீ என்றால் 32 கிராம், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. 2,000 கலோரி சாப்பிடும் ஒருவர் கூடுதல் சர்க்கரையை 50 கிராமுக்குக் கீழே வைக்க வேண்டும் என்றும், 25 கிராமுக்குக் கீழே வைத்தால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. டீ மட்டுமே அந்த 25ஐத் தாண்டிவிடுகிறது, பாருங்கள்.

வாரத்துக்கு அரை ஸ்பூன் குறையுங்கள். ஒன்றரை, ஒன்று, அரை, பிறகு இல்லை. நாலு வாரம் ஆகும். ஒவ்வொரு குறைப்புக்கும் முதல் மூன்று நாள் டீ சப்பென்று இருக்கும், அப்புறம் அதுவே பழகும். இரண்டு மாதம் போனபின் எங்கேயாவது பழைய அளவில் டீ கொடுத்தால் உங்களுக்கே திகட்டும். நாக்கு மாறிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். எனக்கு அது ஒரு துக்க வீட்டில் கொடுத்த டீயில் தெரிந்தது. பாதியில் டம்ளரை வைத்துவிட்டேன்.

டீக்கடையில் மாஸ்டர் கிளாசில் சர்க்கரையைப் போடும் முன்பே சொல்லிவிட வேண்டும். அலுவலகத்துக்கு பிளாஸ்கில் வரும் டீயில் பெரும்பாலும் சர்க்கரை கலந்தே வரும், அங்கே குறைக்க வழி இல்லை. அந்த டீயை விட்டுவிட்டுக் கடைக்கு நடந்து போய்விடுவது என் வழக்கம்.

சாயங்காலம் நாலு மணி ஆனால் கை தானாகப் போகிறது

என் நோட்டில் அதிகம் இருந்த பதிவு இதுதான். நாலு மணி, நாலேகால், நாலரை. பிஸ்கட், கேக், கடலை மிட்டாய். எல்லாமே வேலை நாட்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை.

காரணத்தைத் தேடியபோது மத்தியானச் சாப்பாட்டில் கிடைத்தது. டப்பாவில் நான் கொண்டுபோனது புளிச்சோறு அல்லது எலுமிச்சைச் சோறு, ஓரத்தில் அப்பளம். பருப்பும் இல்லை, முட்டையும் இல்லை, காய் பெயருக்கு. வெறும் சோறு சீக்கிரம் செரித்துப் பசியைக் கூட்டிவந்துவிடும். ஞாயிறு வீட்டில் மீன் குழம்பும் பொரியலுமாகச் சாப்பிட்டதால் நாலு மணி தெரியாமலே போயிற்று.

சரிசெய்ய இரண்டு வேலை செய்தேன். மத்தியானம் சோற்றைக் குறைத்துச் சுண்டலோ இரண்டு அவித்த முட்டையோ கூட்டுக் காயோ சேர்த்தேன். நாலு மணிக்கு முன்பே, பசி வருவதற்கு முன், ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையோ பொட்டுக்கடலையோ சாப்பிட்டேன். பசி வந்தபின் கடலையும் கேக்கும் எதிரெதிரே இருந்தால் கேக்தான் ஜெயிக்கும்.

இதைச் செய்தும் தேடல் நிற்கவில்லை என்றால் தூக்கத்தைப் பாருங்கள். ஐந்து மணி நேரம் தூங்கியவரின் உடம்பு அடுத்த நாள் இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் கூடுதலாகத் தேடும். கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும் இரவு ஷிப்ட் வேலையிலும் சர்க்கரையை விடுவது மற்றவர்களுக்கு இருப்பதைவிட உண்மையிலேயே கடினம். அவர்கள் இலக்கைச் சிறியதாக வைத்துக்கொள்வதில் தவறே இல்லை.

இன்னொன்று. இனிப்புத் தேடலோடு அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவையும் இருந்தால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், நாளைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் ஏதாவது தித்திப்பாக வேண்டும்

இது பசி இல்லை, பழக்கம். சோம்பு மெல்லுங்கள், பல் துலக்குங்கள், அல்லது ஒரு கொய்யாத் துண்டு. பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்தால் பாதி நாள் மறந்தே போகும்.

நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டேன், ஒன்றும் குறையவில்லை

இதை எழுத எனக்கே வலிக்கிறது. உடன்குடிக் கருப்பட்டியின் வாசத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் ஆச்சி வீட்டில் சீனி வாங்கியதே இல்லை, சுக்குக் காபிக்கும் ஆப்பத்துக்கும் கருப்பட்டிதான். இரண்டாவது முறை சர்க்கரையை விட்டபோது கருப்பட்டிக்கு மாறி, மனநிம்மதியோடு மூன்று வேளையும் தாராளமாகப் போட்டுக் குடித்தேன். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி 6.2.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், அதாவது சீனியில் இருக்கும் அதே பொருள். தேனிலும் ஐந்தில் நாலு பங்கு சர்க்கரை. கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புகள் உண்டு, சுவை பல மடங்கு மேல், பனையேறிகளின் பிழைப்பும் அதில் இருக்கிறது. வாங்குங்கள், ஆனால் சீனியை எண்ணுவது போலவே ஸ்பூன் கணக்கில் எண்ணுங்கள். இப்போது எனக்கு ஞாயிறு காலை ஒரு கருப்பட்டிக் காபி. அதை நான் மறைப்பதும் இல்லை, சறுக்கல் என்று எழுதுவதும் இல்லை.

சுகர் ஃப்ரீ இனிப்புகளுக்கு மாறியவர்களுக்கு வேறு தொல்லை வரும். வயிறு உப்பும், பேதியாகும். பொருட்பட்டியலில் மால்டிட்டால், சார்பிட்டால் என்று இருக்கும், அல்லது 965, 420 என்று எண் மட்டும் போட்டிருக்கும். கொஞ்சம் கூடினாலே குடல் தாங்காது. இனிப்புப் பொடி, இனிப்பு மாத்திரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். எடைக் கட்டுப்பாட்டுக்காக அவற்றை நம்ப வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கான பரிந்துரை அல்ல அது. என் அனுபவத்தில் அவை நாக்கு மாறுவதைத் தள்ளிப்போட்டன, அவ்வளவுதான்.

எல்லாம் நிறுத்திவிட்டேன், எங்கிருந்தோ வருகிறது

பாக்கெட்டைத் திருப்புங்கள். முன்பக்கம் சொல்வதை விட்டுவிட்டு, பின்பக்க அட்டவணையில் “கூட்டிய சர்க்கரை” (Added Sugars) வரியைத் தேடுங்கள். நம் நாட்டு விதிப்படி அது தனியாக அச்சாகியிருக்க வேண்டும். பொருட்பட்டியல் எடை அதிகமானதிலிருந்து இறங்குவரிசையில் இருக்கும். முதல் மூன்றுக்குள் சர்க்கரை இருந்தால் அது இனிப்புப் பண்டம்தான், பெயர் என்னவாக இருந்தாலும் சரி. குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் எல்லாம் சர்க்கரையின் மறுபெயர்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் கணக்கில் மாவுச்சத்து என்றாலும் ரத்தத்தில் சர்க்கரை போலவே ஏற்றும்.

என் வீட்டில் மாட்டியவை தக்காளி சாஸ், மேரி பிஸ்கட், ரஸ்க், பழச்சுவைத் தயிர், பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கும் மால்ட் பொடி. இணையக் கடைகள் இத்தகைய பொடிகளையும் பானங்களையும் “ஹெல்த் டிரிங்க்” என்ற பிரிவில் வைக்கக் கூடாது என்று மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. ஜூஸ் கடையில் சாத்துக்குடி பிழியும்போது கூடவே விழும் சர்க்கரைப் பாகையும் கவனியுங்கள். 300 மில்லி கோலா பாட்டில் ஒன்றில் ஏறக்குறைய 30 கிராம் என்பதையும் மறக்க வேண்டாம்.

விசேஷ வீட்டில் மறுக்க முடியவில்லை

இலையில் முதலில் விழுவதே இனிப்பு. விழுந்த பிறகு ஒதுக்கினால் பரிமாறுபவர் முகம் வாடும், நமக்கும் வீணாக்க மனம் வராது. அதனால் வாளி பக்கத்தில் வரும்போதே இலைமேல் கையை விரித்துவிடுங்கள். கோயிலில் சர்க்கரைப் பொங்கல் என்றால் உள்ளங்கையில் ஒரு துளி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடலாம். பிரசாதத்தை மறுக்க வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உறவுக்காரர்கள்தான் கடினம். என் அத்தை, “ஒரு நாள்ல என்னடா ஆயிடப் போகுது?” என்று அதிரசத் தட்டோடு நிற்பார். “எனக்குப் பிடிக்காது” என்று சொல்லிப் பார்த்தேன், வருத்தப்பட்டார். கடைசியில் உள்ளதைச் சொன்னேன். “அத்தை, அப்பாவுக்கு வந்தது எனக்கும் வாசல் வரைக்கும் வந்துடுச்சு. ஒரு வாய் நீங்களே ஊட்டி விடுங்க, ஆனா டப்பால போட்டுக் கொடுத்துடாதீங்க.” அத்தை ஊட்டிவிட்டார், கண் கலங்கினார், டப்பா வரவில்லை. அடுத்த தீபாவளிக்கு எனக்கென்று தனியாகத் தட்டை சுட்டு வைத்திருந்தார்.

உண்மையில் தட்டில் சாப்பிட்ட ஒன்றைவிட அந்த டப்பாதான் பெரிய பிரச்சினை. விசேஷம் ஒரு நாள், டப்பா பிரிட்ஜில் ஒரு வாரம். வந்த அன்றே பக்கத்து வீட்டுக்கோ வாட்ச்மேன் அண்ணனுக்கோ வேலைக்கு வரும் அக்காவுக்கோ கொடுத்துவிடுங்கள். மறுநாள் என்று வைத்தால் நடக்காது.

ஒன்று சாப்பிட்டேன், அப்புறம் எல்லாமே போயிற்று

மூன்றாவது முறை நாற்பது நாள் சுத்தமாக இருந்தேன். நாள்காட்டியில் ஒவ்வொரு நாளும் சிவப்பு மையில் டிக். தீபாவளியன்று ஒரு மைசூர் பாகு சாப்பிட்டேன். “சரி, நாற்பது நாளும் போச்சு” என்று தோன்றியது. அன்றிரவு டப்பா காலி. அடுத்த பதினொரு நாள் டீக்கு இரண்டு ஸ்பூன், பிஸ்கட், எல்லாம். பொங்கல் வரை திரும்பத் தொடங்கவே இல்லை.

கணக்கை நேர்மையாகப் பார்த்தால் அந்த ஒரு மைசூர் பாகு என் உடம்பில் பெரிதாக ஒன்றும் செய்திருக்காது. கெடுத்தது “போச்சு” என்ற சொல். குடியை விட்டவர்கள் திரும்ப விழுவதை ஆராய்ந்த ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த நிலையைத் தெளிவாக விளக்கினார். முழு விலக்கு என்று விதி வைத்தவர் ஒரு முறை மீறியதும், தன்னையே குற்றவாளியாக்கி, இனிக் கட்டுப்பாட்டால் பயனில்லை என்று முழுசாக விட்டுவிடுகிறார் என்றார். ஒரு சறுக்கல் வேறு, முழு வீழ்ச்சி வேறு, இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி உண்டு. நாம் வேலை செய்ய வேண்டிய இடம் அந்த இடைவெளிதான்.

நான் செய்தவற்றைச் சொல்கிறேன். நாள்காட்டி டிக்கை நிறுத்தினேன். தொடர்ச்சியாக எண்ணினால் ஒரு நாள் தவறியதும் எண்ணிக்கை பூஜ்யமாகிறது, அந்தப் பூஜ்யம்தான் ஆளைக் கீழே தள்ளுகிறது. அதற்குப் பதிலாக மாதத்தில் எத்தனை நாள் சரியாக இருந்தேன் என்று எழுதுகிறேன். 30இல் 26 என்றால் நான்கு நாள் தவறியும் 26 அப்படியே நிற்கிறது.

தவறிய அன்று நோட்டில் நாலே விஷயம்: என்ன நேரம், எங்கே, கூட யார், அதற்கு முன் என்ன நடந்தது. “புத்தி கெட்டுப்போய்” போன்ற வார்த்தைகளை எழுதுவதில்லை. மூன்று நான்கு பதிவு சேர்ந்தால் வழி தானே தெரியும், என் நாலு மணி தெரிந்தது போல.

அடுத்த வேளைச் சாப்பாடு வழக்கம் போலவே. ஈடுகட்டுகிறேன் என்று இரவு பட்டினி கிடந்தால் மறுநாள் பசி திரும்பவும் இனிப்பிடமே கொண்டுபோய் விடும். திங்கட்கிழமை, ஒன்றாம் தேதி, தை முதல் நாள் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

ஆனால் ஒருவர் அடிக்கடி, நிறுத்தவே முடியாமல், வயிறு வலிக்கும் வரை, யாருக்கும் தெரியாமல் மறைத்துச் சாப்பிட்டு, பிறகு குற்ற உணர்வில் துடிக்கிறார் என்றால், இந்த நோட்டு முறை போதாது. அது சிகிச்சை உள்ள ஒரு உடல்நலப் பிரச்சினை. மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி அழைப்பான டெலிமானஸ் எண் 14416ஐக் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

மூன்று மாதம் ஆயிற்று, எச்பிஏ1சி அசையவில்லை

முதலில், மூன்று மாதம் உண்மையில் முடிந்ததா? இது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி. ஆறு வாரத்தில் எடுத்தால் பழைய நாட்களும் அதில் கலந்திருக்கும்.

அடுத்தது ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் வீட்டுப் பெண்களில் பலருக்கு இது உண்டு. ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு தட்டு. சீனி போனாலும் காலை ஆறு இட்லி, மத்தியானம் மலைபோல் சோறு, இரவு தோசை என்றால் ரத்தத்துக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது. சோற்றை ஒரு கரண்டி குறைத்து, காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போனால் சாப்பிட்டபின் ஏறும் அளவு குறையும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிட நடையும் அப்படித்தான். எனக்கு 5.8க்கு இறங்கியது இந்த இரண்டையும் சேர்த்த பிறகே.

இவ்வளவும் செய்து எண் அப்படியே நின்றால் மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். “எல்லாம் கரெக்டாத்தான் இருக்கேன் டாக்டர்” என்று வாயால் சொல்வதைவிட, எந்த மாதம் எத்தனை நாள், எந்த நேரம் தவறியது என்று எழுதியிருப்பதைக் காட்டினால் மருந்து வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்று முடிவெடுக்க அவருக்கு ஏதுவாக இருக்கும். என் மருத்துவர் நாலு மணிப் பக்கங்களைத்தான் முதலில் புரட்டினார்.